நூற்றுப்பதினேழு ஜெயித்துவிட்டது

நூற்றுப்பதினேழாவது சோதனை தோற்றுப்போனதற்குக் காரணம், அது ஜெயித்துவிட்டதுதான்.

ரெய்னோ ஹைக்கிலா திரையில் இருந்த வரியை மூன்று தடவை படித்தான். எதிர்பார்த்த விடை: முடியாது. கிடைத்த விடை: நிரூபித்தாயிற்று. எடுத்துக்கொண்ட நேரம்: 0.4 விநாடி. அதற்குக் கீழே சிவப்பில் இன்னொரு வரி: சோதனை தோல்வி, பொட்டலம் கட்ட இயலவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. வடகோடிச் சிற்றூரான ஹான்காக்கின் மார்ச் மாதப் பனி ஜன்னலின் பாதி வரை ஏறி உட்கார்ந்திருந்தது. ரெய்னோவுக்கு அன்று விடுப்பு. மாவட்டச் சாலை அலுவலகத்தில் எந்தப் பனிவாரும் வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று ரேடியோவில் சொல்லி அனுப்புவது அவன் வேலை. மிச்ச நேரமெல்லாம் ஜூனிப்பருக்கு.

ஜூனிப்பர் என்பது யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் கணினியில் போட்டுக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயங்குதளம். உலகம் முழுக்க ஆயிரம் பேர் சம்பளமில்லாமல் அதைக் கட்டிக் காக்கிறார்கள். எவரோ எழுதிய புரோகிராமை எல்லார் கணினியிலும் சமர்த்தாகப் போய் உட்காரும்படி ஒழுங்குசெய்து கொடுப்பதற்கு அவர்களுக்குள் பொட்டலம் கட்டுவது என்று பெயர். ரெய்னோ நான்கு வருடமாகப் பொட்டலம் கட்டுகிறான், ஆனாலும் இன்னும் உறுப்பினர் ஆகவில்லை. முதல் முறை விண்ணப்பித்த வாரத்திலேயே அவன் கட்டிய ஒரு பொட்டலம் எழுநூறு பேர் கணினியிலிருந்த எழுத்துருக்களை எல்லாம் துடைத்துவிட்டது. அவர்கள் திரையில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிந்ததாம். அன்று அவனுடைய ஃபைலில் யாரோ எழுதிவைத்த ஒற்றைச் சொல் இன்னும் அங்கேயே இருக்கிறது: 'அவசரக்காரர்'. இரண்டாவது முறை அந்தச் சொல்லைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இது மூன்றாவது முறை. மூன்றாவதும் போனால் மறுபடி விண்ணப்பிக்க முடியாது என்பது விதி. இந்த முறை தேர்வுக்காகக் கொடுத்திருந்த புரோகிராமின் பெயர் ஹஸ்கி.

ஹஸ்கி தேற்றங்களை நிரூபிக்கும். இன்னின்னதெல்லாம் உண்மை என்று சொல்லிவிட்டு, அப்படியானால் இதுவும் உண்மையா என்று கேட்டால், படிப்படியாக நிரூபித்துக் காட்டும். இல்லையென்றால் ஐந்து நிமிடம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு முடியாது என்று கையை விரிக்கும். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக நூற்று நாற்பது கணக்குகள் கூடவே வரும். கணக்குகள் தனித்தனிக் கோப்பில் எண் போட்டு இருக்கும். விடைகள் எல்லாம் ஒரே பட்டியலில், ஒன்றின் கீழ் ஒன்றாக. நூற்று முப்பத்தொன்பது கணக்குக்கு 'நிரூபித்தாயிற்று' என்பதுதான் விடை. நூற்றுப்பதினேழுக்கு மட்டும் 'முடியாது'. அதன் பக்கத்தில், ஹஸ்கியை எழுதிய வில்மா ரவுட்டியோ ஒரு குறிப்பும் போட்டிருந்தாள்: 'முப்பது வருடமாக யாருக்கும் விடை தெரியாத கேள்வி. என்றைக்காவது நிரூபணமானால் எனக்குச் சொல்லவும்.'

இந்த முறை அவசரப்படவே கூடாது என்று ரெய்னோ சபதம் எடுத்திருந்தான். ஒரு மாதம் மெனக்கெட்டு ஒவ்வொன்றாகச் செய்திருந்தான். உபயோகிப்பவர்களுக்கு விளக்கக் குறிப்பு எழுதினான். யார் எழுதியது என்று தெரியாத எதையும் ஜூனிப்பரில் சேர்க்க மாட்டார்கள், அறுபத்திரண்டாவது கணக்கின் தலையில் பெயரே இல்லை, ஆகவே அதை எடுத்துவிட்டான். நடுவில் ஓர் எண் இல்லாவிட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்குமே என்று பின்னால் வருவதையெல்லாம் ஓர் எண் முன்னால் நகர்த்தி அழகு பார்த்தான். ஓட்டிப் பார்த்தபோது நூற்றுப்பதினாறாவது கணக்கு மட்டும் முடியாமல் சண்டித்தனம் செய்தது, பழைய கணினியின் சோம்பல் என்று அதை 'மெதுவான சோதனைகள், ஓட்ட வேண்டாம்' என்ற பட்டியலில் போட்டான். எல்லாம் விதிப்படி. இன்று காலை பொத்தானை அழுத்தினால் முடிந்தது என்றிருந்தான்.

டார்லீன் காபியோடு எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டின் முன்னறையில் முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கிறாள். தோளில் துண்டும் கையில் சீப்புமாகத்தான் எப்போதும் கணவனோடு பேசுவாள்.

"என்ன, மூஞ்சி இப்படித் தொங்குது?"

"டெஸ்ட் ஃபெயிலாயிருச்சு."

"ஏனாம்?"

"கணக்கைப் போட்டுருச்சு."

டார்லீன் காபியை மேஜையில் வைத்தாள். "கணக்கைப் போட்டா ஃபெயிலா? அந்தப் பள்ளிக்கூடத்துல என்னைச் சேத்திருந்தா நான் இன்னேரம் டாக்டராயிருப்பேன்."

"விளையாடாத டார்லீன். இது யாராலயும் போட முடியாத கணக்கு. இதைப் போட்டுட்டுதுன்னா ஹஸ்கிக்கு மூளை கொழம்பிருச்சுன்னு அர்த்தம். இல்லைன்னா என் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு."

"கம்ப்யூட்டர்தான் கெட்டிருக்கும். உன்கிட்ட எது கெடாம இருந்திருக்கு?"

அது நல்ல யோசனையாகப் பட்டது. வேறொரு கணினியில் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ரெய்னோ தன் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனான். அங்கே டார்லீன் வாடிக்கையாளர்களின் நேரம் குறித்து வைக்கும் கணினி இருந்தது. முடி உலர்த்தும் குடையின் கீழே திருமதி கெம்ப்பெய்னன் உட்கார்ந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹஸ்கி ஓட ஆரம்பித்ததும் அந்தச் சின்னக் கணினி முனகியது. முதல் நூறு கணக்குக்குள் நேரம் குறித்த பக்கம் உறைந்துபோயிற்று. நூற்றுப்பதினேழுக்கு வந்தபோது அந்தப் பக்கம் மறைந்தே போயிற்று. நூற்றுப்பதினேழு மட்டும் 0.3 விநாடியில் நிரூபணமாயிற்று.

"ஏன் டார்லீன், உன் வீட்டுக்காரன் ஏன் தலையில கையை வச்சுட்டு நிக்கிறான்?" என்று கேட்டார் திருமதி கெம்ப்பெய்னன்.

"கம்ப்யூட்டர் ஜெயிச்சதுனால இவன் தோத்துட்டானாம்."

"எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் சீட்டு விளையாடுவாரு."

டார்லீன் திரையைப் பார்த்தாள். பிறகு ரெய்னோவைப் பார்த்தாள். "இன்னிக்கு பதினோரு பேருக்கு டைம் குடுத்திருந்தேன். யார் யாருன்னு இப்ப எனக்குத் தெரியாது. யாரு எப்ப கதவைத் தட்டினாலும் நீதான் முடி வெட்டப் போற."

ரெய்னோ உள்ளே ஓடிவந்து வின்னிபெக்குக்குப் போன் போட்டான். ஹார்லன் விஷ்நெவ்ஸ்கி அங்கே இருக்கிறார். ரெய்னோவின் விண்ணப்பத்துக்கு வழிகாட்டி அவர்தான். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை முடிப்பதற்குள் நாம் ஒரு காபி குடித்துவிடலாம், அவ்வளவு நிதானம்.

"பொய்யை நிரூபிக்கிற புரோகிராம்னா, ரெய்னோ," என்றார் ஹார்லன், "அது ரொம்ப... ரொம்ப... ஆபத்து."

"தெரியுதுங்க. என்ன பண்றது?"

"நம்ம வழக்கம் என்ன? எதையும் மறைக்கிறதில்லை. பொதுவுல ஒரு புகார் போடுங்க. நாலு பேர் பாத்தா நாலு விதமா சொல்லுவாங்க."

ரெய்னோ தன் பொட்டலத்தையும் இணைத்துப் புகார் போட்டான். 'ஹஸ்கி நூற்றுப்பதினேழாவது சோதனையை நிரூபிக்கிறது.' நாலு பேர் அல்ல, மதியத்துக்குள் முப்பத்தொரு பேர் பார்த்துவிட்டுப் பதில் எழுதினார்கள். பாதிப்பேர் எங்களுக்கும் நிரூபணமாகிறது என்றார்கள். மறுபாதி எங்களுக்கு ஆகவில்லை என்றார்கள். எடின்பரோவிலிருந்து ஒரு கணிதப் பேராசிரியர், தான் பதினொரு வருடமாக இந்த ஒரு கேள்வியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவும், நிஜமாகவே 0.4 விநாடிதானா என்றும் மரியாதையாகக் கேட்டிருந்தார். அந்த ஆள் மேல் ரெய்னோவுக்குப் பாவமாக இருந்தது.

சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை. இப்படிப்பட்ட வியாதிதான் பொல்லாதது. முப்பத்தோராவது ஆள் எழுதியதைப் பார்த்ததும் ரெய்னோவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது போல இருந்தது. 'ஒருவேளை கம்பைலரில் பிழையோ?' கம்பைலர் என்பது மனிதன் எழுதியதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது. அதில் பிழையிருந்தால் ஹஸ்கி என்ன செய்யும், பாவம். ரெய்னோ யோசிக்கவில்லை. ஹஸ்கியின் பெயரில் இருந்த புகாரைக் கம்பைலரின் பெயருக்கு மாற்றினான். கையோடு 'தீவிரம்' என்றும் குறித்தான். பழி வேறிடத்துக்குப் போனதில் மனசு லேசாயிற்று. பதினோரு பேரில் மூன்றாவது ஆள் அப்போது கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்கு ஹார்லன் கூப்பிட்டார். வழக்கத்துக்கு விரோதமாக வேகமாகப் பேசினார்.

"ரெய்னோ, நீங்க என்ன பண்ணி வச்சிருக்கீங்கன்னு தெரியுமா?"

"புகாரை மாத்தி வச்சேன்."

"கம்பைலர் மேல தீவிரமான புகார் ஒண்ணு இருந்தாலும் வெளியீடு நின்னுரும். சனிக்கிழமை மதியம் பன்னெண்டு மணிக்கு ஜூனிப்பர் புது வெளியீடு. ரெண்டு வருஷ வேலை. ஆயிரம் பேரு. உங்க ஒருத்தரால நிக்குது."

ரெய்னோ வெளியீட்டுப் பக்கத்தைத் திறந்தான். மேலே பட்டையாகச் சிவப்பு. 'வெளியீட்டைத் தடுக்கும் புகார்கள்: 1'. பக்கத்தில் அவனுடைய முழுப் பெயர். எழுத்துப் பிழை கூட இல்லை.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களை அவன் எண்ணவில்லை. ஜூனிப்பர் வெளியாகிற அன்று ஊருக்கு ஊர் கூடிக் கேக் வெட்டுவது அவர்களுடைய வழக்கம். பிரேசிலில் ஒருவர் கேக்கின் மேல் தேதியும் எழுதியாயிற்று, இப்போது அதை என்ன செய்வது என்று கேட்டிருந்தார். பின்லாந்தில் ஒருவர், உன் பெயரைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறது, தயவுசெய்து இல்லை என்று சொல் என்று எழுதியிருந்தார்.

ரெய்னோ உடனே தன் புகாரை எடுத்து 'தீவிரம்' என்பதை 'சாதாரணம்' என்று இறக்கினான். சிவப்புப் பட்டை மறைந்தது. மூச்சு விட்டான். சரியாக நாலு நிமிடம். மறுபடி சிவப்பு வந்துவிட்டது. இந்த முறை மாற்றியவர் பெயர் ஒடெட் பெல்யூமர். கீழே அவர் கையால் ஒரு வரி: 'தீவிரமாகவே இருக்கட்டும். அவசரம் வேண்டாம். நன்றாக ஆராயவும்.'

ஒடெட் பெல்யூமர் மாண்ட்ரியாலில் இருக்கிறார். வெளியீடு முழுவதும் அவர் பொறுப்பு. அவரைப் பார்த்தவர்கள் குறைவு, அவருக்குப் பயப்படாதவர்கள் அதைவிடக் குறைவு.

"ஒடெட்டே தன் கையால தொட்டாங்களா?" என்றார் ஹார்லன். பழைய நிதானம் திரும்பியிருந்தது. "இந்த வருஷம் உறுப்பினர் சேர்க்கைக்கும் கடைசிக் கையெழுத்து... அவங்களோடதுதான்."

"'அவசரம் வேண்டாம்'னு எழுதியிருக்காங்க. என் ஃபைலைப் படிச்சுட்டுத்தான் குத்திக்காட்டறாங்க, இல்லையா?"

"இருக்கும்... ரெய்னோ... இருக்கும்," என்றார் ஹார்லன்.

வெள்ளிக்கிழமை ரெய்னோ வேலைக்குப் போனான். ரேடியோவைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைப் போனில் வைத்திருந்ததால், ஒரே தெருவுக்கு மூன்று வண்டிகளை அனுப்பினான். அந்தத் தெருவில் அன்றைக்குத் தார் பளபளவென்று தெரிந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் மண்வெட்டியோடு அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள்.

மதிய இடைவேளையில் இன்னொரு வழி தோன்றியது. 'பாதிப்பேருக்கு வரவில்லை, எனவே உறுதி செய்ய முடியவில்லை' என்று எழுதிப் புகாரை மூடினான். பத்து நிமிடத்தில் ஒடெட் திறந்துவிட்டார். 'மூட வேண்டாம். பாதிப்பேருக்கு வருகிறதே. நிதானமாகப் பார்க்கவும்.'

"என்னை நடுத்தெருவுல நிறுத்தி வேடிக்கை காட்டறாங்க," என்றான் ரெய்னோ சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும்.

டார்லீன் தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். "அந்த டெஸ்ட்டைத் தூக்கிப் போட்டுடேன். நூத்து நாப்பதுல ஒண்ணு போனா யாருக்கு என்ன?"

"எழுதினவங்க சம்மதம் இல்லாம எடுக்கக் கூடாது. அவங்களுக்கு நேத்துலேர்ந்து ஒம்பது தடவை எழுதிட்டேன். 'நாய்களோடு இருக்கிறேன், திங்கட்கிழமை பார்க்கிறேன்'னு ஒரே பதில் தானா வருது. எந்த ஊர்ல இருக்காங்கன்னு கூடத் தெரியலை. எந்த நாடோ."

"பேரு என்ன?"

"வில்மா ரவுட்டியோ."

டார்லீன் துடைப்பத்தை நிறுத்தினாள். "யாரு, நாய்வண்டி வில்மாவா? யுனிவர்சிட்டி வேலையை விட்டுட்டு இருபத்திரண்டு நாய் வளக்கறாளே, அவளா? போன மாசம் இந்த நாற்காலியிலதான் உக்காந்து முடி வெட்டிட்டுப் போனா."

ரெய்னோ அந்த நாற்காலியைப் பார்த்தான்.

"இங்கேர்ந்து இருபது மைல்ல இருக்கா," என்றாள் டார்லீன். "இப்ப பனியில நாய் இழுக்கற வண்டிப் பந்தயத்துல ஓடிட்டிருப்பா. நாளைக்குக் காலையில காப்பர் ஹார்பர்ல நாய்ங்களுக்கு ஓய்வு குடுக்கறாங்க. உலகம் பூரா தேடினியே, முன்ரூமுல ஒரு வார்த்தை கேட்டியா?"

சனிக்கிழமை காலை இருவரும் கிளம்பினார்கள். டார்லீன் இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்த பேஸ்டி நான்கைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பாதி வழியில் சாலை பனியில் மூடிக் கிடந்தது. பனிவாரும் வண்டி ஒன்பது மணிக்குத்தான் வரும். அந்தச் சாலைக்கு ஒன்பது மணி என்று போட்டவன் ரெய்னோவேதான் என்பதால் திட்டுவதற்கு ஆள் இல்லை. இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

"மூணாவது தடவையும் போயிருச்சுன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டாள் டார்லீன்.

"ஒண்ணும் இல்ல. ரேடியோவுல வண்டி அனுப்பிட்டு இருப்பேன்." கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நாலு வருஷமா என் பேரு அந்தப் பட்டியல்ல வரணும்னு ஆசை, டார்லீன். வேற எதுக்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை."

"என்னைக் கட்டிக்கக் கூடவா?"

"அதுக்கு விண்ணப்பம் ஒரே தடவைதானே போட்டேன்."

டார்லீன் சிரித்துவிட்டு ஒரு பேஸ்டியைப் பிட்டு அவனிடம் கொடுத்தாள். அவன் அதைத் தின்னாமல் துணியிலேயே திருப்பி வைத்தான்.

காப்பர் ஹார்பரில் வைக்கோல் பரப்பி வரிசையாக நாய்கள் சுருண்டு தூங்கின. வில்மா பெரிய வாளியில் நாய்களுக்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனி பனியில் வெந்து சிவந்திருந்தது. டார்லீனைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைக் காட்டினாள். "பாரு, நீ வெட்டினது இன்னும் கலையவே இல்லை."

"முடியை விடு வில்மா. இவன் உன் கணக்குல மாட்டிக்கிட்டு முழிக்கிறான்."

ரெய்னோ ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னான். நூற்றுப்பதினேழு நிரூபணமாகிவிட்டது என்று கேட்டதும் வில்மாவின் கரண்டி நின்றது. "எங்கே, காட்டு."

வைக்கோல் கட்டின் மேல் கணினியை வைத்தான். டோரிஸ் என்ற நாய் எழுந்து வந்து அதன் பையின் மேல் படுத்துக்கொண்டது. வில்மா கையுறையைக் கழற்றிவிட்டு, எண்பது வரி அடைப்புக்குறிகளை விரலால் தொட்டுக்கொண்டே படித்தாள்.

"இது நூத்துப்பதினேழு இல்லையே."

"எண் போட்டிருக்கே."

"போட்டிருக்கு. ஆனா இது நூத்துப்பதினெட்டு. சின்னப் பிள்ளை கணக்கு. டோரிஸே போடுவா." மேலும் கீழும் பார்த்தாள். "நூத்துப்பதினாறு என்னாச்சு?"

"அது மெதுவா ஓடுச்சுங்க. விட்டுட்டேன்."

"எவ்வளவு மெதுவா?"

"அஞ்சு நிமிஷத்துக்கு அப்புறம் தானா நின்னுருச்சு."

வில்மா கணினியை அவன் பக்கம் திருப்பினாள். "அஞ்சு நிமிஷம் முட்டிப் பாத்துட்டு நின்னுதா. அதுதாம்ப்பா நூத்துப்பதினேழு. நடுவுல எதையாவது உருவினியா?"

அறுபத்திரண்டு. பல் விழுந்த வாய். ரெய்னோவுக்குக் காதுமடல் சூடாயிற்று. கணக்குகளை எல்லாம் ஓர் எண் முன்னால் தள்ளியவன், விடைப் பட்டியலைத் தொடவே இல்லை. மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே விடை என்பதால் ஒன்றும் தெரியவில்லை. மாறுபட்ட விடை உள்ள அந்த ஓர் இடத்தில்தான் வண்டி குடை சாய்ந்திருந்தது. அவன் பொட்டலத்தை எடுத்து ஓட்டியவர்களுக்கு நிரூபணமாயிற்று. வில்மாவின் மூலத்தை எடுத்து ஓட்டியவர்களுக்கு ஆகவில்லை. யார் எதை எடுத்தார்கள் என்று முப்பத்தொரு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

வில்மா சிரிக்க ஆரம்பித்தாள். நாலு நாய்கள் எழுந்து உட்கார்ந்தன. "அப்ப என் ஹஸ்கி நல்லாத்தான் இருக்கு. அப்பாடா. நீ சொன்னதும் பன்னெண்டு வருஷ வேலை போச்சோன்னு நெஞ்சு படபடன்னு ஆயிருச்சு."

ரெய்னோவுக்கும் முதலில் வந்தது நிம்மதிதான். ஹஸ்கியில் தவறில்லை, கம்பைலரில் தவறில்லை, எடின்பரோ பேராசிரியரின் பதினொரு வருடம் வீணாகவில்லை. பிரேசில் கேக்கை அந்தத் தேதியிலேயே வெட்டலாம். வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் மெதுவாக.

ஹார்லனைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னான். "மூடிருங்க," என்றார் அவர். "உண்மையை எழுதி மூடிருங்க. ஒடெட்டுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிடறேன்."

மணி பதினொன்று இருபது. பன்னிரண்டுக்குள் மூடினால் வெளியீடு நடந்துவிடும். ரெய்னோ வைக்கோலில் உட்கார்ந்து எழுதினான். 'கம்பைலரில் பிழை இல்லை. ஹஸ்கியிலும் இல்லை. நான் ஒரு கணக்கை நீக்கிவிட்டு, மற்றவற்றின் எண்களை அவசரத்தில் நகர்த்தினேன். விடைப் பட்டியலைச் சரிபார்க்கவில்லை. எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

டார்லீன் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "அந்த 'அவசரத்தில்'ங்கிறதை எடுத்துடேன். அவங்களுக்கு நீயே எடுத்துக் குடுக்கணுமா?"

"அதுதானே நடந்துச்சு."

"அப்ப உன் மூணாவது தடவை?"

"போயிருச்சு," என்றான் ரெய்னோ. சொல்லிவிட்டுப் பார்த்தால், இரண்டு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அங்கே இல்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. பசித்தது. "அந்த பேஸ்டி இன்னும் மிச்சம் இருக்கா?"

டார்லீன் அவன் தலையை ஒருமுறை கோதிவிட்டு, முழுசாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

இடது கையில் பேஸ்டியும், வலது கை விரல் 'மூடு' என்ற பொத்தானின் மேலுமாக இருந்தபோது போன் அடித்தது. மாண்ட்ரியால் எண். டார்லீன் வாங்கி அவன் காதில் வைத்தாள்.

"ரெய்னோவா? ஒடெட் பேசறேன்."

அவன் எதிர்பார்த்த குரல் இல்லை அது. ஜலதோஷம் பிடித்த, மூன்று நாள் தூங்காத குரல்.

"வணக்கங்க. எல்லாம் என் தப்புதாங்க. இப்பத்தான் கண்டுபிடிச்சோம். இதோ மூடப்போறேன், பன்னெண்டு மணிக்கு நீங்க தாராளமா வெளியிட்டுறலாம்."

மறுமுனையில் நாற்காலியை இழுப்பது கேட்டது.

"கையை எடுங்க," என்றார் ஒடெட்.

"எதுலேர்ந்துங்க?"

"அந்தப் பொத்தான்லேர்ந்து."

ரெய்னோ கையை எடுத்தான்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"ஹார்லனுக்குத் தெரியும். என் மனைவி, வில்மா. அப்புறம் இங்க ஒரு நாய் இருக்கு."

"நாய் பரவாயில்லை. ஹார்லன் பேச ஆரம்பிச்சாலும் முடிக்கறதுக்கு வியாழக்கிழமை ஆயிரும்."

"எனக்குப் புரியலைங்க," என்றான் ரெய்னோ.

ஒடெட் பெல்யூமர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மூணு வாரமா இந்த வெளியீடு பாதி கம்ப்யூட்டர்ல இன்ஸ்டாலே ஆகலை, அதை ஆயிரம் பேருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நான் செத்துக்கிட்டிருந்தப்பதான் நீங்க தெய்வம் மாதிரி வந்து அந்தப் புகாரைப் போட்டீங்க, அதனால உங்க ஃபைல்ல 'அவசரக்காரர்'னு இருக்கறதை நான் இப்பவே அடிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன், நான் அதைச் சரிபண்ணி முடிக்கற புதன்கிழமை வரைக்கும் நீங்க மட்டும் இதைக் கண்டுபிடிக்காம இருங்க."